வருகைப் பதிவேட்டில் தெரியாத இரண்டு பாடவேளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே 28, மாதவிடாய் சுகாதார நாளையொட்டித் தாங்கள் எழுதிய தலையங்கத்தையும், அதற்கு மறுப்பாக அடுத்த வாரம் வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தேன். விலையில்லா நாப்கின் தடையின்றிக் கிடைத்தால் மாணவிகள் விடுப்பு எடுக்கும் நாட்கள் குறையும் என்றது தலையங்கம். நேபாளத்தில் நடந்த ஆய்வு அப்படி எதுவும் குறையவில்லை என்று காட்டிவிட்டதே, பிறகு எதற்கு இந்தச் செலவு என்று கேட்டது கடிதம். முப்பத்தோர் ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றி, கடைசி ஒன்பது ஆண்டுகள் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரு தரப்பும் வருகைப் பதிவேடு என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதிடுகின்றன. அந்தப் பதிவேட்டை நாள்தோறும் பார்த்துக் கையெழுத்திட்டவள் என்ற முறையில் இதைப் பேசாமல் விட எனக்கு மனமில்லை.

கடிதம் எழுதிய அன்பர் குறிப்பிட்ட ஆய்வு நல்ல ஆய்வுதான். எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்ற இரு பொருளியலாளர்கள் சித்வான் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 198 மாணவிகளைக் கொண்டு அதை நடத்தி, 2011இல் வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மாணவிகளுக்கு மாதவிடாய்க் கப் (உடலுக்குள் வைத்து இரத்தத்தைச் சேகரித்து, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிறு கிண்ணம்) கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. 180 நாள் கொண்ட பள்ளி ஆண்டில் மாதவிடாயால் ஒரு மாணவி இழப்பது சராசரியாக 0.4 நாள்தான் என்றும், கப் கிடைத்ததால் அதுவும் மாறவில்லை என்றும் தெரியவந்தது. வராத நாட்களுக்கு மாணவிகள் பெரும்பாலும் சொன்ன காரணம் வயிற்றுவலி. வலியைக் கப் போக்காது என்பதில் வியப்பில்லை. ஆனால், அன்பர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. கப் கிடைத்த பெண்கள் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். அந்த நாட்களில் துணி துவைக்கும் நேரம் அவர்களுக்குக் குறைந்தது. வருகைக்கு உதவவில்லை என்பதும் மாணவிக்கு உதவவில்லை என்பதும் ஒன்றல்ல.

மலாவியின் கிராமப்புறங்களில் நடந்த இன்னோர் ஆய்வையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 2013இல் வெளியான அந்த ஆய்வில், கடைசி மாதவிடாயின்போது ஒரு நாளாவது பள்ளிக்குப் போகவில்லை என்று மூன்றில் ஒரு மாணவி சொல்லியிருக்கிறார். ஆயினும், மாணவிகள் மொத்தமாக வராமல் இருந்த நாட்களில் மாதவிடாயின் பங்கு சிறிதுதான் என்கிறது அதே ஆய்வு. வயல் வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, காய்ச்சல், கட்டணம் என்று கிராமத்துப் பெண்ணைப் பள்ளியிலிருந்து இழுக்கும் காரணங்கள் எத்தனையோ உண்டு. அந்தக் கூட்டத்தில் மாதவிடாயைத் தனியாகப் பிரித்தெடுக்க நாட்கணக்கு பயன்படாது.

என் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், நன்றாகப் படிப்பவள். மாதத்தில் ஓரிரு நாள் காலை இடைவேளைக்குப் பிறகு அவளைக் காணோம் என்று கணக்கு ஆசிரியை என்னிடம் சொன்னார். மதிய உணவு முடிந்து மணியடிக்கும்போது வகுப்பில் இருப்பாள். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். காலை, மதியம் இரண்டு வேளையும் வருகைக் குறி சுத்தமாக இருந்தது. கூப்பிட்டு விசாரித்தபோது முதலில் வாய் திறக்கவில்லை. பிறகு, வீட்டுக்குப் போய்வருவதாகச் சொன்னாள். வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். கொல்லையில் தென்னை ஓலைத் தட்டி கட்டிய மறைப்பும், ஒரு தொட்டித் தண்ணீரும் அங்கே இருந்தன. "ஏம்மா, நம்ம ஸ்கூல்ல பாத்ரூம் இல்லையா?" என்று கேட்டேன். "சாவி உங்க ரூம்லதானே டீச்சர் இருக்கு, அங்க சாரெல்லாம் உட்கார்ந்திருப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. எங்கள் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. மாலையில் வெளியாட்கள் உள்ளே வந்து மது குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போட்டுப் போவார்கள். அதனால் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி, சாவியை என் அறையில், கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. இடைவேளையில் மட்டும் திறப்போம். அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாணவிகள் 212 பேர், கழிப்பறை அறைகள் 4, இடைவேளை 10 நிமிடம். எல்லோரும் போவதென்றால் ஒரு பெண்ணுக்குப் பதினொரு விநாடி. 25 மாணவிகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட பள்ளி வழிகாட்டி சொல்கிறது. எங்களிடம் 53 பேருக்கு ஓர் அறை. அதிலும் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. உடன் போகும் தோழி கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதினொரு மணிக்குள் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிடும். எனவே பெண்கள் கண்டுபிடித்திருந்த வழி, காலையில் வீட்டில் குடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரோடு சரி, மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பது. நாப்கினை மாற்ற இடமில்லாத பெண்ணுக்கு நாப்கின் கொடுத்து என்ன பயன் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. இத்தனைக்கும் ஆண்டுதோறும் வரும் படிவத்தில் "பெண்களுக்குத் தனிக் கழிப்பறை" என்ற வரிக்கு எதிரே "உண்டு" என்று எழுதியவளும் நானேதான்.

உலக அளவில் பள்ளிக் குடிநீர், சுகாதார நிலையைக் கணக்கெடுக்கும் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் கூட்டுக் கண்காணிப்புத் திட்டம், கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்பதில்லை. பயன்படுத்தத் தக்கதா என்றும் பார்க்கிறது. கணக்கெடுக்கப் போகும் அன்று பூட்டாமலோ, சாவி எந்நேரமும் கிடைக்கும்படியோ இருக்க வேண்டும், உடையாமல் அடைக்காமல் இயங்க வேண்டும், கதவு உள்ளிருந்து தாழிடக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் பள்ளியின் "உண்டு" நிற்காது.

கென்யாவில் நடந்த ஆய்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் வருகையைத் தவிர வேறு எதையெல்லாம் அளக்கலாம் என்பதை அவை காட்டின. அந்நாட்டின் மேற்கே உள்ள சியாயா பகுதியில் 30 தொடக்கப் பள்ளிகளில், 14 முதல் 16 வயதுள்ள மாணவிகளில் ஒரு பிரிவினருக்குக் கப்பும், ஒரு பிரிவினருக்கு நாப்கினும் கொடுத்து, மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான நிலையே தொடருமாறு விட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, படிப்பை இடையில் நிறுத்துவது குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. அன்பருடைய பார்வையில் அந்தத் திட்டமும் தோற்றதுதான். ஆனால் பாலுறவால் பரவும் நோய்த்தொற்று கப் பெற்றவர்களில் 4.2 விழுக்காடு, நாப்கின் பெற்றவர்களில் 4.5 விழுக்காடு, எதுவும் பெறாதவர்களில் 7.7 விழுக்காடு. நாப்கினுக்கும் அந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அதே மேற்குக் கென்யாவில் நடந்த முந்தைய கணக்கெடுப்பு ஒன்றில், 15 வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுமிகளில் பத்தில் ஒருவர், நாப்கின் வாங்கும் காசுக்காக ஆணுக்கு இணங்கியதாகச் சொல்லியிருந்தார். இதைப் படித்த அன்று எனக்கு இரவு உணவு இறங்கவில்லை. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாக நாப்கின் வழங்குவதைக் கென்யா 2017இல் சட்டமாகவே ஆக்கியது.

கழிப்பறையைக் கட்டி முடித்தால் போதும் என்று நினைப்போரும் அதே நாட்டிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். நியான்ஸா மாகாணப் பள்ளிகளில் கை கழுவும் பயிற்சியும், நீர்ச் சுத்திகரிப்பும், புதிய கழிப்பறைகளும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு மாணவர்களின் கைகளைச் சோதித்தார்கள். மலத்தோடு வெளியேறும் ஈ.கோலி கிருமி, அந்தப் பள்ளி மாணவிகளின் கைகளில் மற்றப் பள்ளி மாணவிகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. நம்ப முடியாததுபோல் தோன்றினாலும் ஆய்வாளர்கள் ஊகித்த காரணம் எளிது. கழிப்பறை வந்ததும் போவோர் கூடினார்கள். துடைக்கவும் கழுவவும் வேண்டியவை, குறிப்பாகச் சோப்பு, அந்த அளவுக்குக் கூடவில்லை. கட்டடத்துக்கு ஒரு முறை பணம் ஒதுக்கினால் போதும், சோப்புக்கு மாதாமாதம் ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவும் கல்வெட்டும் கட்டடத்துக்குத்தான் உண்டு.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். 2011இல் அறிவிக்கப்பட்ட "புது யுகம்" திட்டம், வளரிளம் பெண்களுக்கு அரசே நாப்கின் வழங்கும் முயற்சிகளில் முன்னோடி. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 78 விழுக்காடு என்றால், தமிழ்நாட்டில் 98 விழுக்காடு. இருந்தாலும் கணக்கு ஆசிரியைகளோடு பழகிய தோஷம், இதையும் வகுத்துப் பார்த்தேன். அந்தத் திட்டத்தில் தருவது இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு நாப்கின். அதாவது ஒரு மாதவிடாய்க்கு ஒன்பது. ஐந்து நாள் போக்குள்ள பெண், ஆறு மணிநேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் இருபது வேண்டும். மீதியைக் கடையில் வாங்க முடியாத வீட்டுப் பெண், ஒன்றையே காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வைத்துக்கொள்கிறாள். தூய்மையானது என்று கணக்கில் ஏறிய பொருள், ஒன்பது மணிநேரத்துக்குப் பின் எப்படித் தூய்மையாக இருக்கும்?

சாவியை என் அறையிலிருந்து எடுத்து, மாணவிகள் வகுப்புப் பக்கம் இருந்த தையல் ஆசிரியையின் அறைக்கு மாற்றினோம்; சில வாரங்களில் பகல் முழுவதும் பூட்டே போடாமல் விட்டோம். தாழ்ப்பாளை உள்ளூர்த் தச்சர் ஒரு மணிநேரத்தில் போட்டார். மோட்டார் போடும் நேரத்தைப் பத்தரைக்கு மாற்றினோம். மூடியுள்ள குப்பைவாளி ஒன்று வாங்கி, பயன்படுத்திய நாப்கினைச் சுற்றிப் போடத் தாள் வைத்தோம். உங்கள் நாளிதழின் பழைய பிரதிகள்தான் அதற்குப் பயன்பட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வாளியைக் காலி செய்தவர், இரண்டு பள்ளிகளுக்கு ஒருவராகக் காலையில் மட்டும் வந்துபோன துப்புரவுப் பணியாளர். எரியூட்டும் கருவி பழுதாகிக் கிடந்ததால், பள்ளிக்குப் பின்னால் குழி தோண்டி, கையுறைகூட இல்லாமல் கொண்டுபோய் எரித்தார். கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே நான்கு மாதம் ஆனது. அவருக்கு முழுநேர ஊதியம் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு, ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை.

அந்தப் பெண் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இடைவேளையில் வீட்டுக்குப் போகவில்லை. அதனால் எங்கள் பள்ளியின் வருகை விழுக்காட்டில் மாற்றம் எதுவும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவள் எப்போதும் வந்தவளாகத்தான் பதிவாகியிருந்தாள். அவளுக்குத் திரும்பக் கிடைத்தவை மாதத்தில் இரண்டு கணக்குப் பாடவேளைகளும் இரண்டு அறிவியல் பாடவேளைகளும். எந்த ஆய்வாளர் எங்கள் பதிவேட்டை வாங்கிப் பார்த்திருந்தாலும், "பயனில்லை" என்றே எழுதியிருப்பார்.

கல்வித் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் காலை பதினொன்றேகாலுக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் வரட்டும். குழாயைத் திறந்து பார்க்கட்டும், தாழ்ப்பாளை உள்ளே நின்று போட்டுப் பார்க்கட்டும், சோப்பு இருக்கிறதா என்று கேட்கட்டும். அதையும் தலைமையாசிரியரிடம் கேட்காமல், எட்டாம் வகுப்பு மாணவிகள் நால்வரை ஒரு பெண் அலுவலர் தனியே அழைத்துக் கேட்கட்டும். நான் தலைமையாசிரியையாக இருந்த ஒன்பது ஆண்டுகளில் பதிவேட்டைக் கேட்காத ஆய்வு அலுவலர் இல்லை. கடிகாரத்துக்குக் கீழே தொங்கிய சாவியைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.