ஹிரா மலைப் படியில் அத்தாவுக்கு முதுகு கொடுத்தவருக்கு நன்றி

அஸ்ஸலாமு அலைக்கும்.

அத்தா (எங்கள் அப்பா) நேற்றிலிருந்து தானே எழுந்து உட்கார்ந்து தொழுகிறார், அல்ஹம்துலில்லாஹ். உம்ரா யாத்திரை போன இடத்தில், ஹிரா குகை இருக்கும் ஜபல் நூர் மலையிலிருந்து இறங்கும்போது அத்தா எப்படிப் படியில் சரிந்தார், அப்புறம் மக்காவிலிருந்து எப்படி ஊர் வந்து சேர்ந்தோம் என்பதெல்லாம் ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், ராத்திரியெல்லாம் போனில் கேட்டுக்கேட்டு எங்களோடு விழித்திருந்தவர்கள்தானே நீங்கள். அதனால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அந்த மலைக்குப் போனவர்களுக்கு அந்தப் படிகளைத் தெரியும். ஆயிரத்துக்கும் மேல் இருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, சில இடங்களில் காலைத் தூக்கி வைப்பதற்கே மூச்சு முட்டும். உடைந்த படிகளுக்குச் சிமென்ட் பூசிக்கொண்டு, பக்கத்தில் ஒரு துணியை விரித்து வைத்து, போகிற வருகிறவர்கள் போடும் ரியாலில் பிழைப்பவர்கள் வழியெங்கும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்தான் இவர். நரைத்த தாடி. உருது பேசினார், எங்களுக்கு உருது வராது.

அத்தா சரிந்ததும் தண்ணீர், பேரீச்சம்பழம், விசிறி என்று ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். ஆனால் படுக்க வைக்க இடமில்லை, சாய்த்து உட்கார வைக்கப் பக்கத்தில் பாறையும் இல்லை, நானும் தம்பியும் மாற்றி மாற்றித் தாங்கிப் பிடித்தும் அத்தாவின் உடம்பு நழுவிக்கொண்டே இருந்தது. இவர் கையிலிருந்த சிமென்ட் பூசும் கரண்டியைக் கீழே வைத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. படியின் நீளவாக்கில் அத்தாவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, முதுகோடு முதுகைக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ஆட்கள் வந்து அத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும் வரை அந்த முதுகு அசையவில்லை.

அது ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) முடிந்து, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரும் நேரம். அவருக்கு நாலு காசு சேரும் நேரம் அதுதான். விரித்த துணி நாலைந்து படிகளுக்குக் கீழே கிடந்தது, யாரோ மிதித்ததில் சில்லறை உருண்டு போனது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டியில் குழைத்து வைத்திருந்த சிமென்ட் அப்படியே இறுகிப் போனது. அவருடைய மூச்சு ஏறி இறங்குவது அத்தாவின் தோளில் தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அழாமல் நின்றேன். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி எதுவும் அத்தாவுக்கு இப்போது ஞாபகமில்லை, "பின்னாடி ஒரு ஆள் இருந்தாரே, அவர் எங்கே?" என்றுதான் கண் விழித்ததும் கேட்டார்.

வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 610-ஆம் வருடம், முதல் வஹீ (இறைச்செய்தி) இறங்கிய பிறகு, நபி (ஸல்) அவர்கள் நெஞ்சு நடுங்க இறங்கி வந்ததும் இதே மலையிலிருந்துதான். வீட்டுக்கு வந்ததும் "என்னைப் போர்த்துங்கள்" என்றார்கள். அன்னை கதீஜா (ரலி) போர்த்திவிட்டு, நடுக்கம் அடங்கும் வரை பொறுத்திருந்தார்கள். என்ன நடந்தது என்ற பேச்சும், ஆறுதல் வார்த்தைகளும் அதற்குப் பிறகுதான். மதரஸாவில் எத்தனையோ தடவை கேட்ட சம்பவம், அந்தப் படியில் நின்ற பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். ஆம்புலன்ஸுக்கான 997-க்கு அழைத்து அரபியில் இடத்தை விளக்கிய எகிப்து இளைஞர், தன் குடையை விட்டுச் சென்ற இந்தோனேசியப் பெண்மணி, அத்தாவைத் தோளில் சுமந்து இறக்கிய பையன்கள், ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் பேசித் தைரியம் சொன்ன நர்ஸ்கள், தன் உம்ராவை விட்டுவிட்டு எங்களோடு அலைந்த குழுத் தலைவர், ஊரில் யாஸீன் ஓதி துஆ கேட்டவர்கள், அம்மாவைத் தனியாக விடாமல் வந்து படுத்துக்கொண்ட மாமிமார்கள்.

வயதானவரை ஏன் மலையேற்றினீர்கள் என்று சிலர் கேட்டார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், புரிகிறது. ஹிரா குகைக்குப் போவது ஹஜ்ஜிலும் சேர்ந்ததல்ல, உம்ராவிலும் சேர்ந்ததல்ல, அது எங்களுக்கும் தெரியும், அத்தாவுக்கும் தெரியும். ஆனால் நாலு மீட்டர் நீளம்கூட இல்லாத அந்தக் குகையைப் பார்க்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து அவருக்கு இருந்த ஆசை. அந்தப் பாறை இடுக்கில் புகுந்து, முறை வரும் வரை காத்திருந்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது அத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை.

மனதில் ஒரு நிய்யத் (எண்ணம்) வைத்திருக்கிறோம். எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்) இடத்துக்கு இறங்கும் படிகள் வழுக்கும், பெரியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அந்தப் படிகளைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, நடுவில் சாய்ந்து உட்கார ஒரு கல் திண்ணையும் கட்டிக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ். கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது.

அடுத்து உம்ராவுக்குக் கிளம்புகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குகையிலிருந்து இறங்கும்போது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, படிக்குச் சிமென்ட் பூசிக்கொண்டிருக்கும் அந்தப் பெரியவரைப் பார்த்தால் நின்று ஸலாம் சொல்லுங்கள். அவருடைய துணியில் எங்கள் சார்பாகவும் கொஞ்சம் போடுங்கள், வந்ததும் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அத்தா நன்றாக இருக்கிறார் என்று, தெரிந்த பாஷையில் எப்படியாவது சொல்லிவிடுங்கள்.