குளத்துக்குக் கடல் தடி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உன்னிச்சை, நவகிரிக் குளங்களுக்கென்று தூண்டில் வாங்கப்போகும் பிள்ளைகள் கடலுக்கான தடித்த தடியையும் பெரிய ரீலையும் வாங்கிக் காசை வீணாக்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. திலாப்பியாவுக்கு ஆறரை அடி நடுத்தரத் தடி, 2500 என்று அளவு குறித்த சிறிய ரீல், 8 இறாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி தாராளம். விரால் என்றால் வேறு கணக்கு. அது ஆம்பல் கொடிக்குள் புகுந்துவிடும்; விறைப்பான தடியும் 30 இறாத்தல் பின்னல் நூலும் வேண்டும்.

ரீல் பெட்டியில் எத்தனை பெயாரிங் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். ஆடினாலோ கரகரத்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். தடியின் வளையங்களுக்குள் சிறு பஞ்சை இழுங்கள். இழை சிக்கும் இடத்தில் வெடிப்பு இருக்கிறது, நூலை அறுப்பது அதுதான். ரீலின் பிரேக்கை, அதாவது நூல் ஓடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, தளர்த்தி இழுத்தால் நூல் திக்காமல் ஒரே சீராக வரவேண்டும். இதைச் செய்துபார்க்கக் கடைக்காரர்கள் தயவுசெய்து இடம் கொடுக்க வேண்டும்.

ரீலில் நூலை விளிம்பு முட்டச் சுற்றாதீர்கள், 2 மில்லிமீற்றர் குறைய நிற்கட்டும். முட்டச் சுற்றினால் எறியும்போது கொத்தாகக் கழன்று சிக்கிவிடும். எறிந்த பிறகு, ரீலில் நூலைப் பிடிக்கும் வளைகம்பியைக் கையாலேயே மூடினால் நூல் முறுகுவது குறையும். அதே ரீலை உவர்நீர் வாவிக்கும் கொண்டுபோனால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். அறுந்த தங்கூசியைக் கரையில் போடவே வேண்டாம், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.

தூண்டில் ஆர்வலர்,
மட்டக்களப்பு