விளையாட்டு அட்டைச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த மற்றும் இளைய உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நிறைவுற்ற ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்களும் பரிமாற்ற நாட்களும் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, ஆண்டு முழுவதும் எந்தக் கூட்டத்திலும் நம்மை விட்டு அகலாத ஒரு வினாவுக்கே ஒதுக்குகிறேன். ஆட்டக்காரர்களின் படமும் விவரமும் அச்சிட்ட அட்டைகளான நம் சேகரிப்பில், நாம் மிகவும் போற்றும் அட்டையை என்றாவது விற்போமா என்பதே அவ்வினா.

இவ்விவாதம் எழுந்த கூட்டத்தில் கை உயர்த்தச் சொன்னபோது, பெரும்பாலோர் "ஒருபோதும் விற்க மாட்டேன்" என்ற பக்கமே நின்றனர். அடுத்தடுத்த கூட்டங்களில் அந்த உறுதி சற்றுத் தளர்ந்தது. தளர்த்தியவை நம் பொழுதுபோக்கின் வரலாற்றிலேயே உள்ள சில விற்பனைகள். 1952ஆம் ஆண்டில் அமெரிக்க அட்டை நிறுவனமான டாப்ஸ் வெளியிட்ட வரிசையில் வந்த, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டையை அனைவரும் அறிவோம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெளியான அட்டைகள் விலைபோகாமல் கிடங்கில் தேங்கியதாலும், மிச்சத்தை 1960இல் கடலில் கொட்டச் செய்ததாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே பின்னாளில் சொன்னதாலும், அதன் அருமை கூடியது. அவற்றுள் மிக நல்ல நிலையில் இருந்த ஒன்றை 1991இல் 50,000 டாலருக்கு வாங்கியவர் 31 ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்தார். 2022 ஆகஸ்டில் அதை ஏலத்துக்கு அனுப்பினார். அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இந்த 31 ஆண்டுகளில் எந்த ஆண்டு கேட்டிருந்தாலும் அவரும் "விற்க மாட்டேன்" என்றே சொல்லியிருக்கக்கூடும் என்று ஒரு மூத்த உறுப்பினர் குறிப்பிட்டபோது, அவைக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

மற்றொரு பேஸ்பால் வீரரான ஹோனஸ் வாக்னரின் அட்டையின் கதை இதற்கு நேர்மாறானது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த டி-206 எனப்படும் வரிசையில், வாக்னரின் எதிர்ப்பால் அவர் அட்டை நிறுத்தப்பட்டதால் மிகச் சிலவே எஞ்சின. அவற்றில் புகழ்பெற்ற ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் தொழிலதிபர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தனர். பின்னர் அது ஒரு வணிக நிறுவனத்தின் போட்டிப் பரிசாகி, அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த அஞ்சல் ஊழியர் ஒருவருக்குக் கிடைத்தது. பரிசுக்குரிய வரியைக் கட்ட வழியில்லாததால், உலகமே விரும்பிய அட்டையை அவர் 1996இல் விற்க வேண்டியதாயிற்று. மேலும் சில கைகள் மாறி, 2007இல் 28 லட்சம் டாலருக்கு கென் கென்ட்ரிக் என்ற சேகரிப்பாளரிடம் சேர்ந்தது.  விற்பதும் வைத்திருப்பதும் எப்போதும் விருப்பத்தால் மட்டுமே நிகழ்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இவ்விடத்தில் பொருளியலாளர் ஜான் லிஸ்ட் 2003இல் வெளியிட்ட ஆய்வையும் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். அவர் ஆய்வுக்களமாகத் தேர்ந்ததே விளையாட்டு அட்டைக் கண்காட்சிதான் என்பதால் நமக்கு இதில் தனி உரிமை உண்டு என்று கருதுகிறேன். ஏறத்தாழ ஒரே மதிப்புள்ள இரு நினைவுப் பொருள்களில் ஒன்றை, யாருக்கு எது என்று தேர்ந்தெடுக்காமல் கொடுத்துவிட்டு, விரும்பினால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். கைக்கு வந்துவிட்டது என்பதற்காக ஒரு பொருள்மீது கூடுதல் பற்று பிறக்காது என்றால், ஏறத்தாழ பாதிப் பேர் மாற்றியிருக்க வேண்டும். வணிகர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாற்றினர். நம்மைப் போன்ற சாதாரணச் சேகரிப்பாளர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேரே மாற்றினர். சற்று முன்பு கைக்கு வந்த பொருளுக்கே இந்தப் பிடிப்பு என்றால், பல்லாண்டுகள் உடன் இருந்த அட்டையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் எல்லாப் பிடிப்பும் ஒரே வகையானதல்ல. அதைப் பிரித்தறிய நம் துணைத்தலைவர் எழுப்பிய கேள்வியே இவ்வாண்டின் மிகப் பயனுள்ள பங்களிப்பு என்பது என் கருத்து. "உங்கள் அட்டைக்குப் பதிலாக, அதே ஆண்டின் அதே அட்டையை, அதே தரமதிப்பெண்ணோடு, வேறொருவரின் பிரதியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?" என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். அட்டை எவ்வளவு நல்ல நிலையில் உள்ளது என்பதற்குத் தரமதிப்பீட்டாளர் இடும் எண்ணே தரமதிப்பெண். தரச்சான்று பெற்று உறையில் முத்திரையிடப்பட்ட ஒரு ரூக்கி கார்டை (ஓர் ஆட்டக்காரரின் முதல் பருவத்து அட்டையை) வைத்திருந்த உறுப்பினர், படத்தின் ஓர இடைவெளி சமமாக இருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்வேன் என்று சற்றும் தயங்காமல் சொன்னார். அவை சிரித்தது, அவரும் சிரித்தார். அவர் போற்றியது அந்த அட்டையின் இடத்தையும் மதிப்பையும்தான் என்பது அப்போதே அவருக்கு விளங்கிவிட்டது. சில மாதங்களில் அதை விற்று, அதே அட்டையின் தரம் குறைந்த ஒரு பிரதியை வாங்கி, எஞ்சிய தொகையைக் குடும்பத் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய தொகுப்பில் இன்றும் அந்த ஆட்டக்காரருக்கு இடம் உண்டு. விற்பதா வைப்பதா என்று தவிப்போர் பலருக்கும் இந்த நடுவழி புலப்படுவதே இல்லை.

அதே கூட்டத்தில் மற்றோர் உறுப்பினர் மேசைமீது வைத்தது, சந்தையில் எவரும் தேடாத ஓர் ஆட்டக்காரரின் அட்டை. மேல் வலது மூலை மழுங்கி, காகித இழைகள் வெள்ளையாகப் பிரிந்திருந்தன. பின்புறத்தில் அச்சிட்ட புள்ளிவிவரங்களின் கடைசி வரிக்குக் கீழே, அடுத்த பருவத்தின் ஓட்டங்களை ஒரு சிறுவனின் கை பென்சிலால் எழுதியிருந்தது. இடம் போதாமல் கடைசி இலக்கம் ஓரத்தைத் தொட்டு வளைந்திருந்தது. தரமதிப்பீட்டுக்கு அனுப்பினால் அந்த எழுத்துக்காகவே மதிப்பு இறங்கும். எழுதியவர் அந்த உறுப்பினரின் அண்ணன். துணைத்தலைவர் தம் கேள்வியை அந்த உறுப்பினரிடம் கேட்கவில்லை.

இனி, விற்காமலும் வைத்துக்கொள்ளாமலும் மூன்றாவது வழியில் சென்றவரைப் பற்றி. அமெரிக்க அட்டைகளை முதன்முதலில் முறையாகப் பட்டியலிட்டவரான ஜெஃபர்சன் பர்டிக், தம் தொகுப்பு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் ஒத்துழைக்காத நிலையிலும், பல ஆண்டுகள் அங்கேயே அமர்ந்து ஒவ்வோர் அட்டையையும் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் பணியை முடித்தார். அதே ஆண்டு மார்ச்சில் மறைந்தார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்கள் கொண்ட அத்தொகுப்பில் வாக்னர் அட்டையும் இருக்கிறது. பசை தடவி ஒட்டினார் என்று கேட்டதும் நம் இளைய உறுப்பினர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதை இங்கே பதிவு செய்கிறேன். தம் தொகுப்பை அவர் விற்கவில்லை. தமக்குப் பின் அட்டைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்துவிட்டார்.

அத்தகைய முடிவு இல்லாததன் விளைவையும் இவ்வாண்டு கண்டோம். தம் அட்டையை உயிருள்ளவரை விற்க மாட்டேன் என்று எப்போதும் சொல்லிவந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். அவர் சொல்லைக் காப்பாற்றினார் என்பது உண்மைதான். ஆனால் எந்த அட்டை, எங்கே வாங்கியது, யாருக்குச் சேர வேண்டியது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. குடும்பத்தார் எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக்கி, ஒரு பகுதியை மொத்தமாக ஒரு விலைக்குக் கொடுத்த பிறகே நம்மிடம் வந்தனர். மீதிக் கட்டைப் பிரித்தபோது, மேலும் கீழும் இருந்த அட்டைகளின் இரு ஓரங்களிலும் ரப்பர் பதிந்த பள்ளங்கள் தெரிந்தன. அவர் போற்றிய அட்டை அதில் இல்லை. குடும்பத்தார்மீது குறை சொல்ல இடமில்லை; தெரியாத பொருளை அவர்கள் எப்படிப் பேணுவார்கள்? "விற்கவே மாட்டேன்" என்பது அதுவரை ஒரு முடிவாக இருந்ததில்லை, முடிவெடுப்பதைப் பிறர் தலையில் வைப்பதாகவே இருந்தது என்று செயற்குழு கருதுகிறது.

விற்க எண்ணுவோருக்கு ஒரு குறிப்பு. செய்திகளில் வரும் ஏலத்தொகை பெரும்பாலும் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணத்தையும் உள்ளடக்கியது. விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அதிலிருந்தும் நிறுவனத்தின் தரகு, காப்பீடு, அஞ்சல் செலவு, வரி ஆகியவை கழியக்கூடும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலை எழுதப்பட்டுள்ளதா என்பதைக் கையொப்பமிடுமுன் பார்த்துக்கொள்ளவும். அவசரத்தில் விற்பவருக்கு நல்ல விலை கிடைத்து நான் கண்டதில்லை.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு, செயற்குழு ஒரு பதிவுப் படிவத்தை வரைந்துள்ளது. உறுப்பினர் தாம் மிகவும் போற்றும் அட்டையின் விவரம், முன்பின் படங்கள், தரச்சான்று எண், வாங்கிய ரசீது, வைக்கப்பட்டுள்ள இடம் ஆகியவற்றோடு, விற்கலாமா, யாருக்கு வழங்க வேண்டும், வீட்டார் முதலில் யாரைக் கலந்துகொள்ள வேண்டும் என்பதையும் அதில் எழுதுவார். ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கும். விரும்பினால் மற்றொன்றை முத்திரையிட்டுச் சங்கத்தில் ஒப்படைக்கலாம். "ஒருபோதும் விற்க மாட்டேன்" என்போரும் இதை நிரப்ப வேண்டும் என்பதில் செயற்குழு ஒருமனதாக உள்ளது; சொல்லப்போனால், அவர்கள்தாம் முதலில் நிரப்ப வேண்டியவர்கள். எழுதியதை எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம். அட்டையின் மதிப்பைப் பணமாகக் குறிக்கும் கட்டம் கட்டாயமா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அதைப் பொதுக்குழுவே முடிவு செய்ய வேண்டுகிறேன்.

படிவத்தின் முன்வரைவு உறுப்பினர்களுக்கு இப்போது வழங்கப்படுகிறது. தக்க திருத்தங்களோடு அதனையும் இவ்வாண்டறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்