மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது.

எலிகளுக்கு இரத்தப் புற்றுநோய் தரும் ஃபிரெண்ட் வைரஸை நீ ஆய்வகத்தில் கையாளத் தொடங்கியதிலிருந்து அதைப் பற்றியே படித்து வருகிறேன். 1951இல் லுட்விக் கிராஸ் என்ற ஆய்வாளர், இரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலியின் திசுச்சாற்றிலிருந்து செல்களை நீக்கி, அப்போதுதான் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தி அந்நோயை உண்டாக்கிக் காட்டியபோது, வைரஸே அதற்குக் காரணம் என்று நம்பியவர் சிலரே. வளர்ந்த எலிகளிலும் இது நிகழும் என்று 1957இல் எழுதிய சார்லட் ஃபிரெண்டையும் முதலில் ஏளனம் செய்தார்கள். அவர் தந்த வைரஸ் இன்று என் மகளின் மேசைமேல் இருப்பதை அம்மாவிடம் பெருமையுடன் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எலியின் குரோமோசோமில் செருகிக்கொள்வதை வகுப்பில் நானே கற்பித்திருக்கிறேன். ஆனால் அதன் புரதம் ஒன்று சிவப்பணுக்களைப் பெருகச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனுக்குரிய ஏற்பியை, அதாவது செல்லின் மேலுள்ள அதன் பற்றிடத்தை, பற்றிக்கொள்வதால், ஹார்மோனின் கட்டளையின்றியே முதிராத சிவப்பணுக்கள் பெருகி மண்ணீரல் வீங்குகிறது என்பதை இப்போதுதான் அறிந்தேன். அதைவிட என்னை உறுத்துவது எதிர்ப்பாற்றல் தளர்வே. தொற்றுற்ற செல்களைக் கொல்ல வேண்டிய டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களை உடலின் ஒழுங்குபடுத்தும் டி செல்களே அடக்கிவிடுவதால், நோயிலிருந்து மீண்ட எலியிலும் வைரஸ் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறதாமே.

எலியின் செல் ஏற்பியும் மனித செல் ஏற்பியும் வேறுபடுவதால் இது நம்மைத் தொற்றாது என்று நீ சொன்னது சரிதான். ஆயினும் எலியின் மரபணுத்தொகுதியிலேயே உறையும் உறவு வைரஸ்களுள் சில மனித செல்லுக்குள் நுழையக்கூடியவை. ஆகவே பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி பொருத்தாதே. உடனே கூர்முனைப் பெட்டியில் போடு. இரட்டைக் கையுறை அணி. ஊசிக்கு மூடி பொருத்தவே பொருத்தாதே.

சார்லட் ஃபிரெண்ட் 1987இல் நிணநீர்ப் புற்றுநோயால் இறந்தார் என்று படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவருடைய ஆய்வோடு அதைத் தொடர்புபடுத்தச் சான்றில்லை என்பது தெரிந்தும் வரவில்லை.

சென்ற முறை காணொளியில் பேசியபோது உன் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி இருந்தது. காய் நறுக்கியதாக அம்மாவிடம் சொன்னாய். சமையலுக்கு நேரமில்லை என்று அதே பேச்சில்தான் சொன்னாய். அதன்பின் நீ அழைக்கவும் இல்லை. இவ்வளவு படித்த பெண் பெற்றோரைக் காக்கவைப்பது முறையா? ஊசி குத்தினாலும் எலி கடித்தாலும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாயா என்பதை மட்டும் எனக்கு எழுது. அம்மாவிடம் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா