குப்பிக்குள் வெளுக்கும் தண்ணீர்

அன்புள்ள சேகர்,

கயல் கான்டாக்ட் லென்ஸ் போட ஆரம்பித்த கதையைப் படித்தேன். முதல் நாள் அழுதவள் இப்போது பழகியிருப்பாள். அந்த லென்ஸைத் தொட்டுப் பார்த்தாயா? ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி இருக்குமே, அதே வழவழப்பு. இரண்டுமே ஹைட்ரோஜெல்தான், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலை. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் அன்று வீட்டுச் சமையலறையில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து அச்சைச் சுழற்றி, இப்படிப்பட்ட முதல் நான்கு லென்ஸ்களை வார்த்தெடுத்தார்.

நான் இப்போது செய்வது ஹைட்ரோஜெல்லின் பொடிப்பொடித் துகள், நானோஜெல். ஒன்று 200 நானோமீட்டர்கூட இருக்காது. போன மாதம் பிநிபாம் என்ற பாலிமரில் (நீளச் சங்கிலி மூலக்கூறு) ஒரு குப்பி செய்தோம். ஏ.சி. அறையில் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. உள்ளங்கையில் பொத்திவைத்தேன், கொஞ்ச நேரத்தில் பால் விட்டதுபோல் வெளுத்துவிட்டது. ஐஸில் வைத்தால் மறுபடி தெளிகிறது. 32 டிகிரிதான் கணக்கு. அதற்குக் கீழே தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும், மேலே போனால் தண்ணீரை விட்டுவிட்டுச் சுருங்கிவிடும். மதியம் கரண்ட் போனால் சென்னை வெயிலுக்குத் தானாகவே வெளுத்துவிடுகிறது.

உப்பியிருக்கும்போது மருந்தை ஏற்றி, புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் சூடு காட்டி வெளியே விட வைக்கலாமா என்பதுதான் எங்கள் வேலை. உடம்பே 37 டிகிரி என்பதால், வேறொரு மூலக்கூறைச் சேர்த்து அந்த 32-ஐ மேலே தள்ள வேண்டும். அம்மாவுக்குக் கீமோ ஏற்றிய நாட்கள் எனக்கு மறக்கவில்லை. மருந்து உடம்பு முழுக்கப் பரவி வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் தவித்தார்களே. அதை நினைத்துத்தான் தினமும் குப்பியை எடுக்கிறேன்.

ஆனால் இன்னும் தூரம் இருக்கிறது சேகர். ரத்தத்தில் விடும் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பிநிபாம் உடம்பில் எளிதில் சிதையவும் சிதையாது. அதனால் கடற்பாசியில் எடுக்கும் ஆல்ஜினேட்டையும் சோதித்துப் பார்க்கிறோம்.

இதே பிநிபாம் வேறு வழியாக நோயாளியிடம் போய்விட்டது, தெரியுமா? ஜப்பானில் அதைத் தட்டில் பூசி, நோயாளியின் வாய்க்குள்ளிருந்து எடுத்த செல்களை மேலே வளர்த்தார்கள். தட்டைக் குளிரவைத்ததும் செல்கள் ஒரே படலமாக உரிந்து வந்தன. அப்படி நான்கு பேரின் கருவிழியில் வைத்துப் பார்வை தேறியதை 2004-இல் வெளியிட்டார்கள்.

பொங்கலுக்கு வரும்போது மூடி போட்டு ஒட்டிய ஒரு குப்பி கொண்டுவருகிறேன். உங்கள் கொடைக்கானல் குளிரில் தெளிவாகத்தான் இருக்கும். கயல் கையில் கொடுத்துப் பொத்திப் பிடிக்கச் சொல்வோம்.

அன்புடன்,
முரளி