மண்டேலா நாள் போர்வைக்கு வீட்டுக்கு 4 கட்டம்: பெற்றோருக்குக் கடிதம்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஜூன் முதல் வாரம்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

ஜூலை 18 மண்டேலா நாள். அவருடைய 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்து, அன்று 67 நிமிடம் பிறருக்காகச் செலவிடுவது நம் நாட்டு வழக்கம். இந்த முறை நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் சேர்ந்து, முதியோருக்கு முழங்கால் போர்வை தைக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துண்டுத்துணியில் தைத்த 4 கட்டங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 6½ அங்குலச் சதுரம்; இணைக்கும்போது அரை அங்குலம் தையலுக்குப் போய் 6 அங்குலம் தெரியும். 12 வீட்டுக் கட்டங்கள் சேர்ந்தால் 48. அவற்றை 6 வரிசை, வரிசைக்கு 8 என்று இணைத்தால் 36க்கு 48 அங்குலப் போர்வை ஒன்று.

67 நிமிடம் இணைக்க மட்டுமே போதும். அளவு குறைந்த கட்டத்தைப் பிரித்துத் தைக்க அன்று நேரம் இருக்காது. அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளம்.

முதலில் துணி. ஒரே கனமுள்ள பருத்தி மட்டும் எடுங்கள். பட்டு, ஜார்ஜெட், ஜரிகைக் கரை வேண்டாம்: பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூட்டை அவை தாங்காது. பள்ளிக் கால்சட்டைத் துணியும் வேண்டாம், அது கனம். ஷ்வெஷ்வே என்னும் நம் நாட்டு அச்சுப் பருத்தித் துணியைத் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் கஞ்சி போட்ட விறைப்போடு அப்படியே தைக்காதீர்கள். துவைத்தால் சுருங்கும், கருநீலம் சாயம் விடும். தனியாக வெந்நீரில் அலசி, தண்ணீர் தெளிந்த பிறகு காயவைத்து இஸ்திரி போடுங்கள். கிரே ஸ்ட்ரீட் பக்கம் தெரிந்த தையல்காரர் இருந்தால் வெட்டுத் துண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கும் குறைவான அகலமுள்ளதை ஒதுக்கிவிடலாம். இரு பக்கமும் தையலுக்குப் போனால் வெளியே அரை அங்குலம்கூடத் தெரியாது.

துண்டுத்துணி வேலையில் தைப்பதற்கு ஆகும் நேரம் குறைவு. ஒவ்வொரு துண்டையும் அளந்து வெட்டுவதும், ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து இஸ்திரிக்குப் போவதும்தான் பொழுதைத் தின்கின்றன. ஆகவே முதலில் தையுங்கள், அளவுக்குக் கடைசியில் வெட்டுங்கள்.

கோணல்மாணல் துண்டுகளுக்குத் தாள்மேல் தைப்பது நல்லது. 7 அங்குலச் சதுரமாக மெல்லிய தாள் 4 வெட்டுங்கள். அச்சடித்த செய்தித்தாள் கூடாது, இஸ்திரி சூட்டில் மை துணியில் ஏறும். தையலை 1.5 மி.மீ. நீளத்துக்குச் சிறிதாக்குங்கள், தாள் பிறகு சுலபமாகக் கிழியும். முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே தெரிய, மூலைக்கு மூலை வையுங்கள். அதன்மேல் இரண்டாவதை நல்ல பக்கம் கீழே இருக்க, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் அங்குலம் உள்ளே தைத்து விரியுங்கள். இப்படியே இரண்டு மூலைகளையும் நோக்கிப் போக வேண்டும். பட்டைகளின் அகலம் ஒன்றுபோல் இருக்கத் தேவையில்லை, மாறி வந்தால்தான் அழகு.

நான்கு தாளையும் ஒன்றாக ஓட்டுங்கள். ஒன்றில் ஒரு பட்டை தைத்ததும் நூலை அறுக்காமல் அடுத்த தாளை ஊசிக்குள் விடுங்கள். நான்கும் முடிந்த பிறகு நூலை வெட்டி, நான்கையும் ஒரே தடவையில் இஸ்திரி போடலாம். வரிசையின் முதலிலும் கடைசியிலும் ஒரு சின்னத் துண்டை ஊசிக்கடியில் ஓட்டிவிட்டால் தொடக்கத்தில் நூல் சிக்காது. கடைசியாகத் தாள் பக்கத்தை மேலே திருப்பி, ஸ்கேல் வைத்து 6½ அங்குலத்துக்கு வெட்டுங்கள். தாளைக் கிழிக்காமல் அனுப்புங்கள். பட்டைகள் மூலைவாட்டில் இருப்பதால் கட்டத்தின் ஓரமெல்லாம் கிராஸாக, அதாவது நெசவுக்குச் சாய்வாக, இருக்கும். தாள் போனால் இழுபடும். ஊசி 14ஆம் நம்பர் போடுங்கள். தாள் ஊசியை மழுக்கிவிடும், வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

நீளமான துண்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சீக்கிர வழி உண்டு. 3½ அங்குல அகலம், 30 அங்குல நீளத்தில் கருநிறத்தில் ஒன்று, வெளிர்நிறத்தில் ஒன்று எடுத்து நீளவாக்கில் தையுங்கள். தையலைக் கருநிறப் பக்கம் மடித்து இஸ்திரி போட்டு, குறுக்கே 3½ அங்குலத்துக்கு ஒன்றாக 8 துண்டு வெட்டுங்கள். இரண்டிரண்டாக, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்தால் 4 கட்டம். மடிப்புகள் எதிரெதிராக விழுவதால் நடுவில் நான்கு முனையும் குண்டூசி இல்லாமலே கச்சிதமாகப் பொருந்தும்.

முக்கோணக் கட்டம் விரும்பினால் 7 அங்குலச் சதுரம் இரண்டை நல்ல பக்கம் உள்ளே வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துக் கோட்டில் வெட்டுங்கள். இரண்டு கட்டம் கிடைக்கும். 6½க்கு ஒழுங்கு செய்தால் போதும். இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுங்கள்.

எந்த வழியானாலும் தையலுக்கு விடும் கால் அங்குலம் சரியாக இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். 2½ அங்குலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டால் மொத்த அகலம் 6½ வர வேண்டும். குறைந்தால் தையலை ஓரத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தில் மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. தானே என்று விடாதீர்கள். 8 கட்ட வரிசையில் 7 தையல். ஒவ்வொரு தையலிலும் இருபுறமும் ஒரு மி.மீ. வீதம் மொத்தம் 14 மி.மீ. போய்விடும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேராது.

பிள்ளைகளுக்கும் வேலை உண்டு: நிறம் பிரிக்க, தாள் வெட்ட, நூல் கத்தரிக்க. ரோட்டரி கட்டரை (உருளும் வட்டப் பிளேடு வைத்த துணிவெட்டி) மட்டும் பெரியவர்களே பிடியுங்கள், வைக்கும்போது பிளேடை மூடுங்கள். மின்சாரம் நின்ற மாலையில் மெஷின் வேலையை விட்டுப் பட்டை பிரித்து அடுக்கி வைக்கலாம்.

அடித்துணிக்கு ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற கதகதப்பான துணியைப் பள்ளி வாங்குகிறது, நடுவில் பஞ்சு வைப்பதில்லை. குளிர்கால விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பில் கட்டங்களைக் கவரில் போட்டு, பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதி, வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இணைக்கும் நாளில் மெஷின் கொண்டுவர முடிந்தவர்கள் அதையும் கவரின்மேல் குறித்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் உங்களிடமிருந்தால் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்