பில்லருக்குள் இருக்கும் விதியை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் தரைத்தளமும் ஒரு மாடியும், எப்போதாவது நாலு குடும்பம் இருக்கிற மாதிரி ஒரு கட்டடம். வீடு கட்டுவோருக்காக உங்கள் நாளிதழில் வரும் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன், வாடிக்கையாளர்களும் அதைத்தான் வெட்டி எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைக்கிறார்கள். ஆனால் எந்த விதி மாறினால் செய்தி வருகிறது, எது மாறினால் வருவதில்லை என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், கம்பி பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1.5-லிருந்து 2 ஆனதை எல்லாப் பத்திரிகையும் எழுதியது. 2024-ல் குடியிருப்புக் கட்டடத்தின் உயரத்தை 12 மீட்டரிலிருந்து 14 மீட்டர் ஆக்கி, எட்டு வீடு, 750 சதுர மீட்டர் வரை, கட்டி முடித்ததும் வாங்கும் பணி முடிவுச் சான்று வேண்டாம் என்றார்கள், அதுவும் செய்தி. அதே வருடம் ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம், அனுமதிக்கு முன்னால் யாரும் மனையை வந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு பிளானைக் கையில் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். அரசைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, இதெல்லாம் எவ்வளவு கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், எவ்வளவு சீக்கிரம் அனுமதி கிடைக்கும் என்கிற விதிகள். எப்படிக் கட்ட வேண்டும் என்கிற விதியும் மாறியிருக்கிறதே, அது யாருக்காவது தெரியுமா? 2016-ல் ஐஎஸ் 13920 என்ற இந்தியத் தரத்தைத் திருத்தினார்கள். நிலநடுக்கத்தில் கட்டடம் நொறுங்கி உட்காராமல் வளைந்து கொடுக்க, கம்பியை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் தரம் அது. நிலநடுக்க மண்டலம் 3-லும் அதற்கு மேலும் (எண் கூடினால் ஆபத்தும் கூடும்) உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். ‘நம்ம ஊருக்கும் நிலநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிலநடுக்க மண்டலங்களைச் சொல்லும் இன்னொரு தரமான ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பில் உள்ள ஊர்ப் பட்டியலில் சேலம் மூன்றாம் மண்டலம். 2018 ஜூலையில் லேசாக ஒரு அதிர்வு வந்து இங்கே பலர் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்ததைக் கூட மறந்துவிட்டோம்.

அந்தத் திருத்தத்தின்படி பில்லரின் குறைந்தபட்ச அகலம் 300 மில்லிமீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 12 அங்குலம். அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ வீடு கட்டிக்கொண்டிருக்கும் எந்த இடத்துக்கும் போய் டேப்பை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 9-க்கு 9, இல்லை 9-க்கு 12. காரணம் வேறொன்றுமில்லை, சுவர் ஒன்பது அங்குலம், பில்லரும் ஒன்பது அங்குலமாக இருந்தால் சுவருக்குள் மறைந்துவிடும், 12 வைத்தால் மூன்று அங்குலம் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். பீரோ வைக்க முடியவில்லை, கட்டில் சுவரோடு ஒட்டவில்லை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். மூலையில் துருத்துவது வாஸ்துவுக்கு ஆகாது என்று சொன்னவரும் உண்டு (அவருக்கு நான் பதில் சொல்லவில்லை).

செலவு எவ்வளவு கூடும் என்று கேட்பவர்களுக்காகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பன்னிரண்டு பில்லர், இரண்டு தளம், தளத்துக்குப் பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9-க்கு 9 என்றால் பில்லர்களுக்கு மட்டும் 135 கன அடி கான்கிரீட், 12-க்கு 12 என்றால் 240. கூடுவது 105 கன அடி, அதாவது சுமார் மூன்று கன மீட்டர். கம்பியும் ரிங்கும் கொஞ்சம் கூடும். எல்லாம் சேர்த்தாலும் முன்பக்க எலிவேஷனுக்கும் ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்கும் செலவழிப்பதில் ஒரு பங்குதான் வரும்.

அகலத்தை விட முக்கியமானது ரிங். பில்லரின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் அந்தச் சதுர வளையத்தின் இரண்டு முனைகளையும் 135 டிகிரிக்கு மடித்து, கான்கிரீட்டின் நடுப்பகுதிக்குள் போகும்படி விட வேண்டும், மடிப்புக்கு அப்புறமும் குறைந்தது 65 மில்லிமீட்டர் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் வேலையில் 90 டிகிரியில் மடித்துவிட்டு அடுத்த ரிங்குக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் மேலிருந்து கோர்த்து இறக்க அதுதான் சுலபம், 135-க்கு மடித்தால் முனை நெடுங்கம்பியில் மாட்டும், வேலை மெதுவாகும், கூலியோ எத்தனை டன் கம்பி கட்டினார்கள் என்ற கணக்கில்தான். கட்டடம் ஆடும்போது முதலில் பில்லரின் மேல்தோல் உதிரும், உதிர்ந்ததும் 90 டிகிரி மடிப்பைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, ரிங் வாயைத் திறந்துவிடும், நெடுங்கம்பி வெளியே பிதுங்கிவிடும், மேலே இருக்கும் தளம் கீழே வரும். அப்புறம் இடைவெளி. பீம் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் குறைந்தது ஒன்றரை அடிக்கு, 12 அங்குல பில்லர் என்றால் மூன்று அங்குலத்துக்கு ஒரு ரிங் வர வேண்டும். இங்கே அடியிலிருந்து முடி வரை ஆறு அங்குலம், சில இடங்களில் எட்டு. கம்பியை ஒட்டுப்போடும் லேப்பிங்கும் அப்படித்தான், பில்லர் உயரத்தின் நடுப்பாதிக்குள் வர வேண்டும் என்கிறது தரம், நாம் எல்லோரும் தளம் போட்ட இடத்திலேயே, அதாவது விசை மிக அதிகமாக வரும் இடத்திலேயே போடுகிறோம்.

கம்பி கட்டுகிறவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் குரு அப்படித்தான் கட்டினார், இவரும் கட்டுகிறார். தரங்களை இப்போது பணம் கட்டாமலே இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், இருந்தும் ஆங்கிலத்தில் இருக்கும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள பொறியாளருக்கே பொறுமை வேண்டும்.

இதில் தொழில் ரீதியாக எங்களுக்கு வரும் நெருக்கடியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலை இங்கே சதுர அடி ரேட்டில்தான் பேசப்படுகிறது. தரத்தில் உள்ளபடி செய்கிறவன் சதுர அடிக்குச் சில பத்து ரூபாய் கூடுதலாகச் சொல்வான், செய்யாதவன் குறைத்துச் சொல்வான், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வீட்டுக்காரருக்குத் தெரிவது ரேட் மட்டும்தான். அப்படி எனக்குக் கைநழுவிப் போன வேலைகள் உண்டு. டைல்ஸ் என்ன கம்பெனி, பெயின்ட் என்ன கம்பெனி, சுவிட்ச் என்ன கம்பெனி என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள் ரிங் முனை எத்தனை டிகிரி என்று கேட்டதே இல்லை. விலை விஷயத்தில் உஷார்தான். 2025 செப்டம்பரில் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் ரேட்டைக் குறைக்கச் சொல்லி உடனே போன் வந்தது, அதே வருடம் ஏப்ரலில் கனிம நில வரி, கிரஷர் ஸ்டிரைக் என்று எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) விலை ஏறியபோது ஒருவரும் போன் செய்யவில்லை.

இப்போது 14 மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் செய்தியான விதியும் செய்தியாகாத விதியும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான். உயரம் கூடியதால் கீழே கார் நிறுத்த ஸ்டில்ட் விட்டு மேலே மூன்று மாடி கட்டுவது சுலபமாகிவிட்டது. மேலே எல்லாத் தளத்திலும் சுவர் இருக்கிறது, கீழே வெறும் பில்லர் மட்டும் நிற்கிறது. ஆட்டம் வந்தால் மொத்த பாரமும் கீழ்த்தளப் பில்லர்களைத்தான் தாக்கும். 2001-ல் பூஜ் நிலநடுக்கத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த மாதிரி கீழே திறந்துவிட்டுக் கட்டியவைதான். ஸ்டில்ட்டுக்குத் தனியாகக் கணக்குப் போட்டு வடிவமைக்க வேண்டும் என்று தரத்தில் இருக்கிறது. உயரம் 14 மீட்டர் என்று தலைப்புப் போட்டவர்கள் அதோடு இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஏற்காட்டிலும் இதே கதைதான். அங்கே மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் வரைக்கும் போக வேண்டும், காகிதத்தில் கண்டிப்பு அதிகம். ஆனால் சரிவில் கட்டும் வீட்டில் பள்ளத்துப் பக்கப் பில்லர் நீளம், மேட்டுப் பக்கப் பில்லர் குட்டை. குட்டையாக இருப்பதுதான் பலம் என்று நினைக்கிறோம், உண்மையில் ஆட்டத்தின் பெரும்பங்கை அதுதான் தாங்கி முதலில் வெடிக்கும், அதற்கு முழு உயரத்துக்கும் நெருக்கமாக ரிங் கட்ட வேண்டும். மேலே ரிசார்ட், காட்டேஜ் என்று எழும்புகிற கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்தக் குட்டைப் பில்லர்கள்தான்.

சுயசான்று வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபீசர் வந்து பார்த்த காலத்திலும் அவர் பார்த்தது பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதைத்தான், ரிங்கை இல்லை. பழைய முறைக்குத் திரும்பினால் அலைச்சல்தான் மிஞ்சும். நான் கேட்பது சின்ன விஷயம். முதல் பில்லர்களுக்குக் கம்பி கட்டி, பலகை அடிப்பதற்கு முன்னால், பொறுப்பேற்ற பதிவு பெற்ற பொறியாளர் அங்கே நின்று பக்கத்தில் அளவு டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அனுமதி கொடுத்த அதே ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கான்கிரீட் போட்டபிறகு பிரம்மா வந்தாலும் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. எல்லோரும் போட்டோ ஏற்றியே ஆக வேண்டும் என்று ஆனால் ரேட்டில் எனக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசமும் தானாகப் போய்விடும்.

கம்பி கட்டுகிறவர்களுக்குப் பயிற்சியும் வேண்டும், அதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பிளான் அனுமதி வாங்கும்போதே கட்டுமான மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கு எங்களிடம் வாங்கப்படுகிறது. அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அயோத்தியாப்பட்டணம் என்று பகுதிவாரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பி கட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, அன்றைய கூலியையும் கொடுத்து, ஒரு பில்லரை அவர்கள் கையாலேயே சரியாகக் கட்ட வைத்தால் போதும், வகுப்பெடுக்க வேண்டாம். கையில் பழகிவிட்டால் அவர்களே விடமாட்டார்கள், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வேலையில் கௌரவம் அதிகம்.

விதியைத் திருத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தத் தேதிக்கு அப்புறம் தொடங்கும் வேலைக்கு இது பொருந்தும், பாதியில் நிற்கும் கட்டடத்துக்கு என்ன, இதுவரை இருந்தது எது, இனி எது என்று தமிழில் ஒரே பக்கத்தில் படத்தோடு போட்டு மாநகராட்சி, ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஒட்டுங்கள். அரசாணையைப் பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி, அதில் எந்தப் பத்தி எங்களுக்கு என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் கேட்பதும் ஒரு படம்தான். 135 டிகிரி மடித்த ரிங் எப்படி இருக்கும், 90 டிகிரி எப்படி இருக்கும் என்று இரண்டையும் அருகருகே வரைந்து வீடு கட்டுவோருக்கான உங்கள் பக்கத்தில் போடுங்கள், வீட்டுக்காரர் அதை வெட்டிக்கொண்டு நேராக வேலை நடக்கும் இடத்துக்குப் போகட்டும். ஆடி முடிவதற்குள் வந்தால் நல்லது, ஆவணி பிறந்ததும் ஊர் முழுக்கப் பூமி பூஜை போட்டு வானம் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வீட்டுக் கட்டுமான ஒப்பந்ததாரர்,
அம்மாபேட்டை, சேலம்